ஊர் உலகத்தில் இல்லாத நெஞ்சு

வந்தவர் சட்டைப் பொத்தானைக் கழற்றியதும் பெரிய டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வலது மார்பில்தான் முதலில் வைப்பார். அங்கே ஒன்றும் சரியாகக் கேட்காது. உதட்டைப் பிதுக்கிவிட்டு, வேண்டாத சம்பந்தி வீட்டுக்குப் போகிறவர்போல் இடப்பக்கம் போவார். துடிப்பு அங்கேயேதான் இருக்கும். "சாதா" என்பார்.

பல்லாயிரத்தில் ஒருவருக்கு இதயம் வலப்பக்கம் இருக்கும். இருபத்தாறு வருடத்தில் அவரிடம் அப்படி ஒருவர்கூட அகப்படவில்லை. கூடுதல் விலா எலும்பு இரண்டு, குதிரை லாடம்போல் ஒட்டிப் பிறந்த சிறுநீரகம் ஒன்று, அவ்வளவுதான் சம்பாத்தியம். அந்தப் படங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில். பேரப்பிள்ளைகளின் படம் இழுப்பறையில். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று வருகிறவர்களிடம், "இதுக்கெல்லாமா என்கிட்ட வர்றீங்க?" என்று எரிந்து விழுவார். லாடக்காரர் வந்தால் மட்டும் எழுந்து நிற்பார். "வாங்க, வாங்க! எப்படி இருக்கு நம்ம கிட்னி?"

போன வருடம் ஒரு தபால்காரரின் எக்ஸ்ரேயில் இதயம் வலப்பக்கம் இருந்தது. டாக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாணவர்களைக் கூட்டி வைத்து முக்கால் மணி நேரம் பேசினார். கடைசியில் தலைமை நர்ஸ் எட்டிப் பார்த்து, "படத்தைத் திருப்பி மாட்டியிருக்கீங்க சார்" என்றார்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?" தபால்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஒண்ணுமே இல்லய்யா" என்றார் டாக்டர், இழவு சொல்கிற குரலில்.

இந்த மாதம் மாடிப்படி ஏறினால் அவருக்கே மூச்சு வாங்கியது. கால் வீங்கியது. "ஊரார் நெஞ்சையெல்லாம் பாக்குறீங்க. உங்க நெஞ்சை ஒரு தடவை பாத்தா குறைஞ்சா போயிருவீங்க?" என்று மனைவி பிடுங்கியெடுத்தாள்.

"இது சாதா மூச்சிரைப்பு இல்லடி. பொறு" என்றார். மாத்திரை எதுவும் போடாமல், அபூர்வ நோய்களின் தடித்த புத்தகத்தை மூன்று வாரம் புரட்டினார். அதற்குள் வீக்கம் முழங்காலுக்கு ஏறிவிட்டது.

இன்று படம் எடுத்தார்கள். தலைமை நர்ஸ் அதை விளக்குப் பெட்டியில் மாட்டினார். இதயம் இடப்பக்கம், ஊதிப்போய். நுரையீரலில் நீர். பக்கத்து வார்டில் அதே மாதிரி இதயத்தோடு ஆறு பேர் படுத்திருந்தார்கள்.

"சாதாதான் சார். ஆனா இன்னைக்கே படுத்தாகணும். இன்னும் ரெண்டு நாள் விட்டா ஆளே மிஞ்ச மாட்டீங்க. ஏழாம் நம்பர் கட்டில் காலியா இருக்கு."

"நல்லாப் பாத்தீங்களாம்மா? வேற ஏதாவது..."

"ஒண்ணும் இல்ல சார். சரியாத்தான் மாட்டியிருக்கேன்."

நர்ஸ் கட்டிலுக்கு விரிப்பு எடுக்கப் போனார். டாக்டர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கதவை ஒரு முறை பார்த்தார். படத்தைக் கழற்றி, திருப்பி மாட்டினார்.