முள் ஏறாத அரைமணி நேரம்

சபையாரே, காற்று அடித்தபோது நான் பயந்தேன். அது நின்றபோது இன்னும் அதிகமாகப் பயந்தேன். இது என்ன புத்தி கெட்ட பேச்சு என்று நினைப்பீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். ஆபீஸ் அறைச் சுவரில் காற்றழுத்தம் காட்டுகிற பாரோமீட்டர் ஒன்று தொங்கும். சீமைக்குத் திரும்பிப் போன மிஷனெரியம்மா விட்டுப்போனது. கடிகாரம் மாதிரி வட்டமாக இருக்கும். முள் இறங்கினால் மழை, ரொம்ப இறங்கினால் புயல். அதற்குப் பக்கத்தில் அந்த அம்மாவே எழுதி ஒட்டிய தாள் ஒன்று. இலை அசைந்தால் எவ்வளவு காற்று, பெரிய கிளை ஆடினால் எவ்வளவு, எதிர்த்து நடக்க முடியாவிட்டால் எவ்வளவு, ஓடு பறந்தால், மரம் வேரோடு சாய்ந்தால் என்று வரிசையாக இருக்கும். அடியில் சிவப்பு மையில் இப்படி: காற்று சட்டென்று நின்றும் முள் ஏறாவிட்டால் வெளியே போகாதே, புயலின் நடுப்பகுதி தலைக்குமேல் இருக்கிறது, இனி எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும். வருஷக்கணக்காகப் பிள்ளைகளை இதை மனப்பாடம் பண்ண வைத்தேன். நான் நம்பினேனா என்றால், இல்லை.

கார்த்திகை மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. முள் நான் ஒருநாளும் பார்க்காத இடத்தில் கிடந்தது. விரலால் தட்டினேன். இன்னும் இறங்கியது. கடல் எங்கே, மலையடிவாரத்தில் இருக்கிற நாம் எங்கே, நமக்குப் புயல் ஏது என்று எண்ணிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் பருத்தி அரைக்கிற ஒரு ஜின்னிங் பேக்டரியில் மிஷின் பிட்டர். வேலைக்குப் புறப்பட்டவர் சைக்கிளோடு பள்ளிக்கூட வாசலில் நின்றார்.

"ஏட்டி, உன் முள்ளு என்ன சொல்லுது? வானமே ஒரு மாதிரியா கிடக்கு."

"அது கெட்டுப்போச்சு. நீங்க தைரியமாப் போயிட்டு வாங்க."

நான்தான் அனுப்பினேன். இதை மறைத்துச் சாட்சி சொன்னால் அது சாட்சியே அல்ல.

பத்து மணிக்கு வடக்கிலிருந்து காற்று பிடித்தது. பதினோரு மணிக்குக் கூரைவீட்டுச் சனமெல்லாம் எங்கள் கல்கட்டிடத்துக்குள் ஓடிவந்துவிட்டது. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்க்கிறேன். அந்தத் தாளில் உள்ளது ஒவ்வொரு வரியாக என் கண்முன்னால் நடக்கிறது. தெருவில் ஒரு ஆள் நடக்க முடியாமல் தவழ்ந்தான். எதிர்வீட்டு ஓடுகள் பறந்தன. கோயில் பக்கத்து முருங்கை வேரோடு போயிற்று. ராஜபாளையம் ரோட்டில் இரண்டு பக்கமும் எவ்வளவு புளியமரங்கள்! காற்றைக் கண்டு அவர் அந்த வழியாகத்தானே திரும்பி வந்துகொண்டிருப்பார். எல்லோருக்கும் முன்பாக முழங்கால் போட்டு, "ஆண்டவரே, இந்தக் காற்றை நிறுத்தும், நிறுத்தும்" என்று கதறினேன்.

நடுமத்தியானம் தாண்டிச் செத்த நேரத்தில் காற்று நின்றது. இலைகூட அசையவில்லை. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சனம் அழுதது. முதலில் கதவைத் திறந்தவள் நானேதான். அவரைத் தேடி ரோட்டுக்கு ஓட ஒரு காலை வெளியே வைத்துவிட்டேன். அப்போது அந்தச் சிவப்பு மை ஞாபகம் வந்தது. திரும்பி ஓடி முள்ளைப் பார்த்தேன். ஏறவில்லை. தட்டினேன். அப்படியே கிடந்தது.

காலையில் அதைப் பொய் என்று சொன்னேன், அவரைத் தெருவில் விட்டேன். மறுபடியும் பொய் என்று சொல்லவா?

நான் கதவைச் சாத்தி அதன்மேல் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன். சபை மூப்பர் தேவசகாயத்துக்குக் கோபம் வந்துவிட்டது. அவருடைய சினைப்பசு வீட்டில் கட்டிக் கிடந்தது.

"டீச்சரம்மா, காத்து நிக்கணும்னு நீங்கதான ஜெபம் பண்ணீக? ஆண்டவர் கேட்டுட்டாரு. இப்ப நீங்களே வழிய மறிச்சா என்ன அர்த்தம்?"

"அண்ணாச்சி, இது பதில் இல்ல. இன்னும் பாதிக் காத்து பாக்கி இருக்கு."

"நம்ம பிட்டர் வெளிய கிடக்காரு. உங்களுக்குப் பதறலையா?"

அழுதேன். அழுதுகொண்டே, "தெக்கு ஜன்னலை அடைங்க, பெஞ்சை எல்லாம் வடக்குச் சுவரோரமா இழுங்க" என்று அதட்டினேன். என்ன நினைத்தாரோ, முணுமுணுத்துக்கொண்டே மூப்பர்தான் முதல் பெஞ்சைப் பிடித்தார். அவர்கள் இழுக்கும்போது நான் மனசுக்குள் வேறு ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, அவர் எங்கே இருக்கிறாரோ அங்கேயே உட்கார வையும். என்னைத் தேடி வர விடாதேயும். புருஷன் வீட்டுக்கு வரக்கூடாது என்று ஜெபித்தவள் நம் சபையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அரைமணி நேரம் இருக்கும். தெற்கேயிருந்து ஒரு இரைச்சல். அடித்தது பாருங்கள், காலையில் அடித்ததெல்லாம் ஒன்றுமே இல்லை! பள்ளிக்கூடத்து வேப்பமரம் தெற்குத் தாழ்வாரத்தின்மேல் விழுந்தது. கதவு திறந்திருந்தால் அத்தனை பேரும் அங்கேதான் நின்றிருப்போம். அதன்பிறகு நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு மேல் ஒரு நெல்லளவு ஏறியது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் வந்து சேர்ந்தார். உடம்பெல்லாம் சகதி. நெற்றியில் சிராய்ப்பு. வேறொன்றும் இல்லை. பேக்டரியைச் சீக்கிரம் மூடிவிட்டார்களாம். வருகிற வழியில் காற்றில் மாட்டி, ரோட்டோரக் கல்மண்டபத்தில் ஒரு மாட்டுவண்டிக்காரரோடு ஒதுங்கியிருக்கிறார்.

"காத்து நின்னதும் சைக்கிளை எடுத்துட்டேன்ட்டி. பொறவு பாத்தா, அந்தாளோட ரெண்டு காளையும் மண்டபத்து நடுவாசல்ல படுத்துக்கிட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது. கைகுடுங்க அண்ணான்னு கெஞ்சுதாரு. விட்டுட்டு வர மனசில்ல. வாலை முறுக்கிப் பாத்தோம், தள்ளிப் பாத்தோம். அரைமணி நேரம் அந்த மாட்டை எம்புட்டு வஞ்சேன் தெரியுமா? அம்புட்டுலதான் தெக்கத்திக் காத்து. நான் வரவேண்டிய ரோட்டுல ஒரு புளியமரம் நிக்கல."

எனக்கு வந்த பதிலை அந்த மனுஷன் அரைமணி நேரம் திட்டித் தீர்த்திருக்கிறார்!

மூப்பருடைய பசு பிழைக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மறு ஞாயிறு அவரே எழுந்து நின்று, அன்றைக்குக் கதவைச் சாத்தியதற்காக ஸ்தோத்திரம் செலுத்தினார். அதற்குமுன் நான் கேட்டது கேட்டபடி நடந்தால்தான் பதில் என்றிருந்தேன். இப்போது அப்படி இல்லை. ஜெபித்த பிறகும் முள்ளைப் பார்க்கிறேன், பார்த்த பிறகும் ஜெபிக்கிறேன்.

பிரியமானவர்களே, நீங்கள் அவசரமாய்ப் போகிற வழியில் ஏதாவது படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறதா? செத்த நேரம் பொறுங்கள். அதை வைய வேண்டாம்.