போன் ஒன்றும் சொல்லவில்லை

போன வருடம் ஆடி மாதம், ஆம்பூரில், ஒரு காலை நேரத்தில் நடந்தது இது. எங்கள் தெரு ரெயில் பாதையை ஒட்டியது.

எனக்கு எழுபத்து மூன்று வயது. தோல் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். இரண்டு கண்ணிலும் நீர் அழுத்த நோய். எதிரே ஆள் வருவது தெரியும், யார் என்று தெரியாது. கடைப் பலகையெல்லாம் வெறும் நிறம்தான். அதனால் தனியாக வெளியே போகக் கூடாது என்று மகள் கறாராகச் சொல்லியிருந்தாள். காலையில் நண்பர் வீடு வரை நடந்து, கொஞ்சம் பேசிவிட்டு வருவது ஒன்றுதான் எனக்கிருந்த போக்கிடம். அதுவும் நின்றுபோனதில் நான் படுத்திய பாடு தாங்காமல் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

போனில் ஒரு செயலியைப் போட்டு, என் சட்டைப்பையில் வைத்தாள். அது நெஞ்சின்மேல் அதிரும். ஒரு தரம் அதிர்ந்தால் இடது, இரண்டு தரம் என்றால் வலது. வழி தவறினால் நீளமாக அதிரும். ஒன்றும் இல்லையென்றால் நேரே போகலாம். ஒரு வாரம் பார்ப்போம், ஏதாவது ஏடாகூடமானால் அதோடு சரி என்றாள்.

எண்ணுவது என் பிறவிக் குணம். மாடிப்படி, மாத்திரை, எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணி, எதையும் விடமாட்டேன். எனக்கென்றே செய்த ஏற்பாடு போலிருந்தது. நான்கு நாள் பிசகே இல்லை.

ஐந்தாம் நாளும் இடது, வலது சரியாகத்தான் வந்தது. ஆனாலும் பயம். சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று அடிக்கடி போனை வெளியே எடுத்து, வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி, மூக்கருகே வைத்துப் பார்த்தபடி நடந்தேன். குறைந்துகொண்டுதான் வந்தது. இருப்பது போதும் என்று கணக்குப் போட்டு உள்ளே வைத்தேன்.

அதற்குப் பிறகு போன் சும்மா இருந்தது. நேரே போ என்று அர்த்தம். போனேன். ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் பேசிக்கொண்டே என்னைத் தாண்டினார்கள். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க அவர்கள் தண்டவாளத்தின் குறுக்கே இறங்கிப் போவது ஊருக்கே தெரிந்த குறுக்குவழி. எனக்கு அது தோன்றவில்லை. பேச்சுச் சத்தத்தின் பின்னாலேயே நடந்தேன். காலில் ஜல்லி குத்தியது. குழாய் பதிக்க எல்லாத் தெருவையும் தோண்டிப் போட்டிருந்த சமயம், அதனால் அதுவும் உறைக்கவில்லை. ரெயில் ஹாரன் கேட்டது. எங்கள் பக்கத்தில் அது எப்போதும் கேட்பதுதான்.

முன்னால் போன பேச்சு நின்று, ஓடுகிற காலடிச் சத்தமாக மாறியது. ஏன் ஓடுகிறார்கள் என்று யோசித்தபடி நின்றேன். போன் நீளமாக அதிரவில்லை, ஆகவே நான் சரியான வழியில்தான் இருக்கிறேன்.

ஒரு கை என் சட்டையோடு சேர்த்து என்னை இழுத்தது. விழுந்தேன். கை நீட்டினால் தொடும் தூரத்தில் ரெயில் போனது. நான் பெட்டிகளை எண்ணாமல் விட்ட ரெயில் வாழ்நாளில் அது ஒன்றுதான்.

இழுத்தது அந்தக் கூட்டத்தில் போன ஒரு பெண். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இன்னா தாத்தா, நடு ட்ராக்ல நின்னுட்டு இருக்கீங்க?"

"போன் ஒண்ணும் சொல்லலியேம்மா."

விவரத்தை நான் உளறிக் கொட்டியதும், சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அழுத்திப் பார்த்தாள். "எப்படி சொல்லும்? இது ஆஃப் ஆகிக் கெடக்குது தாத்தா."

எந்தத் தெருவில் அது அணைந்தது? எந்தத் திருப்பத்தைத் தவற விட்டேன்? இன்றுவரை தெரியாது. செத்த போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு, இன்றைக்கும் பிசகில்லாமல் போகிறேன் என்று சந்தோஷமாக நடந்திருக்கிறேன்.

அவளுடைய கம்பெனி பஸ் போய்விட்டது. அதற்காக முணுமுணுத்துக்கொண்டே, ரெயில்வே கேட் வழியாகச் சுற்றி அழைத்துவந்து என்னை வீட்டு வாசலில் விட்டாள். என் மகளிடம் சொல்லிவிடாதே என்று கெஞ்சினேன்.

"நான் ஏன் சொல்றேன்? நீங்களே சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவை நோக்கி ஓடினாள்.

சாயங்காலம் மகள் வேலையிலிருந்து வந்ததும் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வேறு நாளாக இருந்தால், அப்பாடா, கோபமில்லை என்று இருந்திருப்பேன். அன்று எழுந்து அவள் பின்னாலேயே போய், ஏம்மா பேசாமல் இருக்கிறாய் என்று கேட்டேன். குழாயைத் திறந்துவிட்டு நின்று அழுதுகொண்டிருந்தாள்.

இப்போதும் நடக்கிறேன். வேறு செயலி, புது போன். வழியில் திருப்பம் ஒன்றும் இல்லாவிட்டாலும், உயிரோடு இருக்கிறேன் என்பதுபோல் அது அவ்வப்போது லேசாக அதிரும். அதிராவிட்டால் நின்றுவிட வேண்டும் என்பது மகளின் உத்தரவு. போனோ மனிதரோ, பேசாமல் இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்து நடந்துகொண்டே இருந்த பழக்கம், அந்தத் தண்டவாளத்தோடு என்னை விட்டுப் போயிற்று.