மண் நிறக் கோழியோடு காட்சிப் பங்களாவுக்கு

குருவி, நம் சண்டை தீர்ந்தது. தோற்றது நீதான்.

படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குருவி என் தங்கை. நாகர்கோவில் பக்கம் எங்கள் வீடு. வெள்ளை, புள்ளி, மண் நிறம் என்று கலந்து வாங்கி விட்ட கோழிகள், சில வருஷத்தில் எல்லாம் மண் நிறமாகிவிட்டன.

"பருந்துக்குப் பயந்து நெறத்த மாத்திக்கிட்டு, அக்கா" என்பாள்.

"போடி. வெள்ளையெல்லாம் பருந்து வயித்துல கெடக்கு."

"அப்பம் குஞ்சுகளுக்கு யாரு சாயம் முக்குனா?"

தோற்றவள் ஒரு மாதம் தொழுவத்தில் சாணி அள்ள வேண்டும் என்று பந்தயம். அது முடியுமுன்னே ஆடியில் ஒரு காய்ச்சல் வந்து அவளைக் கொண்டுபோய்விட்டது.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. படித்தவர்களிடம் கேட்டே விடுவோம் என்று, திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான மறு மாசியில் திருவனந்தபுரம் புறப்பட்டேன். சாட்சிக்கு ஒரு கோழியையும் கூடையில் கட்டிக்கொண்டேன்.

காலை ஆறு மணி பஸ். நாற்பது மைலுக்கு மேல். தம்பானூர் சேர ஒன்பதாகும். வலப்பக்கம் உட்காராதீர்கள், வெயில் கொல்லும்.

"கோழிக்கு டிக்கெட் எடுக்கணும்" என்றார் கண்டக்டர்.

"மடியிலதான இருக்கு?"

"மடியில இருக்க அது கொச்சுப் பிள்ளையா?"

"ஆமா. இன்னும் முட்டகூட இடல்ல."

சிரித்துக்கொண்டே அரை டிக்கெட் கிழித்தார்.

தம்பானூரில் இறங்கி 'மியூசியம்' என்று கேட்டால் விழிப்பார்கள். காட்சிப் பங்களா என்று கேளுங்கள். வாசல் காவல்காரர் கூடையை மறித்தார்.

"அம்மே, உள்ள இருக்க பட்சியெல்லாம் செத்தது. இதக் கண்டா அதுகளுக்கு சங்கடமாவும்."

கோழியை அவரிடமே விட்டுப் போனேன். உள்ளே பருந்தும் இருந்தது, வயிற்றில் பஞ்சு அடைத்து. நன்றாக முறைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த கண்ணாடிப் பெட்டியில் இலை மாதிரியே ஒரு பூச்சி. பள்ளிக்கூடப் பெண்களுக்கு ஒரு டீச்சர் அதைக் காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வழக்கைச் சொன்னேன்.

"பயந்து நிறம் மாறினதில்ல சேச்சி. கண்ணுல பட்டத பருந்து கொண்டுபோச்சு. படாதது பிழச்சு முட்ட இட்டுச்சு. குஞ்சு பெத்த தள்ளையப் போலத்தானே வரும்? அப்படியே தலமுற தலமுறையா கூட்டமே மண் நிறமாச்சு."

"பருந்து யோசிச்சு எடுக்குமோ?"

"யோசனை ஒண்ணும் இல்ல. கண்டத எடுக்கும், அவ்வளவுதான்."

திரும்பி வந்தால், காவல்காரர் கழற்றி வைத்த தொப்பியில் கோழி முட்டையிட்டிருக்கிறது! முதல் முட்டை. காவல் கூலி என்று அவரே வைத்துக்கொண்டார்.

போகிறவர்கள் கட்டுச்சோறு கொண்டுபோங்கள். உட்கார மரநிழல் நிறைய உண்டு. கோழி வேண்டாம்.

ஜெயித்தவள் நான். சாணி அள்ளுகிறவளும் நான்தான். நாம் ஒரே நிறம், ஒரே உயரம். சீலையைக்கூட மாற்றி மாற்றி உடுத்தினோம். முதுகைப் பார்த்தால் பெற்ற அம்மாவே பேரை மாற்றிக் கூப்பிடுவாள். அந்தக் காய்ச்சல் எப்படி, குருவி, உன்னை மட்டும் கண்டது?