பூனைக்குப் பாஸ்போர்ட்

போன மாதம் ஒரு மழைநாள் காலையில், எங்கள் பூனை அடுப்படிச் சாக்கிலேயே இறந்துகிடந்தது. பதினோரு வருடம் எங்களோடு இருந்த பூனை. ஏழு வயது மகள் பள்ளிக்கூடம் போனதும் வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் செடியடியில் அதைப் புதைத்தேன். அவள் தாங்கமாட்டாள் என்ற பயம் எனக்கு. இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பலரும், என் அக்காவும்கூட, இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருக்கும் காலம் இது. அதனால் பகலில் அவள் திரும்பி வந்து கேட்டபோது, பூனை இந்தியாவுக்குப் போய்விட்டது என்று சொல்லிவைத்தேன்.

"பாஸ்போர்ட் இருந்துச்சாப்பா?"

"பூனைக்கு வேணாம்மா."

"அத்தைகிட்ட மட்டும் கேட்டாங்க?"

"அத்தை பூனை இல்லையே."

அவள் யோசித்தாள். "கப்பல்ல எலி இருக்குமா?"

"நெறைய இருக்கும்."

"அப்பச் சரி."

தப்பித்தேன் என்று அடுப்படிக்குப் போய்த் தேநீர் ஊற்றினேன். பழக்க தோஷத்தில் மீதிப் பாலைப் பூனையின் தேங்காய்ச் சிரட்டையிலும் ஊற்றிவிட்டேன். அதைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது.

மகள் பின்னாலேயே வந்து நின்றாள். "இந்தியாவுக்குத்தானே போயிருக்கு, ஏம்ப்பா அழுவுறீங்க?"

புறங்கையால் கண்ணைத் துடைத்தேன். அவள் என் கையைத் திருப்பிப் பார்த்தாள். "நெகத்துல எல்லாம் மண்ணு. வாங்க, எங்கன்னு காட்டுங்க."

சிரட்டையை அவள் எடுத்துக்கொண்டாள். நான் குடை பிடித்தேன். தேயிலைச் செடியடியில் பாலை ஊற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

"கப்பல்ல எல்லாம் அது போவாதுப்பா. நோர்வூட் போற பஸ்ஸுலயே வாந்தி எடுத்துச்சே!"

அன்று முதல்முறையாகச் சிரித்தேன். பால் ஊற்றும்போது கை இன்னும் தயங்குகிறது. அப்போதெல்லாம் அந்த பஸ்ஸை நினைத்துக்கொள்கிறேன்.