டிரைவரம்மாவின் சனிக்கிழமை

பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அவளை எல்லாரும் டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பின்னால் வாண்டுகளின் சண்டை முற்றினால் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள். பஸ்ஸே கப்சிப் ஆகிவிடும். "உங்க பஸ்ல மட்டும் எப்படிம்மா இப்படி?" என்று மற்ற டிரைவர்கள் கேட்டால், "வீட்ல யாரும் என் பேச்சைக் கேக்கறதில்ல. அதையெல்லாம் சேத்துவச்சு இங்க காட்டுறேன்" என்பாள்.

ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் கணவர்தான். லாரி ஓட்டியவர். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். பக்கவாதம். உயிர் தப்பியது, வலது கையும் காலும் திரும்பவில்லை. பேச்சும் குழறியது.

அதன்பிறகு அவள் பொழுதெல்லாம் ஓட்டம்தான். விடிவதற்குள் அவரைத் துடைத்து, உடை மாற்றி, ஊட்டிவிட்டு, மகளைக் கிளப்பிவிட்டு பஸ் எடுக்கப் போவாள். மதியம் ஓடிவந்து அவரைப் புரட்டிப் படுக்கவைப்பாள். மறுபடி பஸ். யாராவது விசாரித்தால், "அதெல்லாம் ஓடுது" என்று பேச்சை முடித்துவிடுவாள்.

சாலையில் ஸ்கூட்டரில் போகும் தம்பதிகள் கண்ணில் படுவார்கள். பின்னால் இருப்பவள் கணவன் முதுகில் சாய்ந்து கண்ணை மூடியிருப்பாள். டிரைவரம்மாவும் ஒரு காலத்தில் அப்படிப் போனவள்தான், எந்தத் தெருவில் திரும்புகிறோம் என்றுகூடப் பார்க்காமல். அவர் பாட்டு முணுமுணுத்தால் முதுகு லேசாக அதிரும். தான் ஏங்குவது அவருக்காகவா, அந்தப் பின்சீட்டுக்காகவா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு நாள் சிக்னலில் பச்சை விழுந்தது. அவள் கால் நகரவில்லை. நெஞ்சு படபடத்தது, மூச்சு பாதியிலேயே நின்று நின்று வந்தது. பின்னால் ஒரே ஹாரன் சத்தம். குழந்தைகளை ஏற்றி இறக்கும் அக்கா எழுந்து வந்து தோளைத் தொட்டாள்.

"என்னம்மா, எங்க வலிக்குது?"

"வலியெல்லாம் இல்லக்கா. முடியல. அவ்வளவுதான்."

ஹேண்ட் பிரேக்கை மட்டும் எப்படியோ இழுத்துவிட்டாள். வேறு டிரைவர் வந்து பஸ்ஸை எடுத்துப் போனார்.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இதயத்தில் கோளாறில்லை என்று சொல்லி மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள்.

"எனக்குப் புத்தி பிசகிடுச்சா டாக்டர்?"

"இல்லம்மா. தாங்கறதுக்கு மேல தாங்கியிருக்கீங்க, உடம்பு மக்கர் பண்ணுது. சரி, கடைசியா உங்களை யாராவது பாத்துக்கிட்டது எப்போ?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. அழுது முடித்த பிறகு மாத்திரை எழுதி, கொஞ்ச காலம் ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம் என்றார். "யார்கிட்டயாவது வாய் விட்டு உதவி கேளுங்க. வாரத்துல ஒரு அரை நாளாவது உங்களுக்குன்னு இருக்கணும்."

கேட்பதுதான் மலையாக இருந்தது. நாத்தனாருக்கு போன் போட்டாள். நாக்கு நுனி வரை வந்த "ஓடுது"வை விழுங்கிக்கொண்டு, "எனக்கு முடியலம்மா" என்றாள்.

"எத்தனை தடவை கேட்டேன் அண்ணி! நீங்க சொன்னதை நம்பிட்டு நானும் சும்மா இருந்துட்டேன். அவர் எனக்கு அண்ணன்தானே? இனி சனிக்கிழமை சனிக்கிழமை நான் வந்து பாத்துக்கறேன்."

முதல் சனிக்கிழமை கிடைத்த நேரத்தை என்ன செய்வதென்றே அவளுக்குத் தெரியவில்லை. ஸ்டாப்பில் வந்து நின்ற பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வளைவிலும் அவள் கால் தரையில் பிரேக்கைத் தேடியது. போகப் போக அதுவும் அடங்கி, அயர்ந்து தூங்கிப்போனாள்.

"கடைசி ஸ்டாப்மா. எங்க போகணும்?" கண்டக்டர் தட்டி எழுப்பினார்.

"எங்கயும் இல்லப்பா. இதே பஸ்ல திரும்பிப் போறேன்."

அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு டிக்கெட் கிழித்தார். அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் அப்படித்தான் போனாள். யாரோ ஓட்டினார்கள், அவள் சும்மா போனாள்.

மருத்துவர் சரி என்றதும் வேலைக்குத் திரும்பினாள். இன்னும் சில நாள் நெஞ்சு படபடக்கும். அப்போது, "இன்னிக்குக் கொஞ்சம் சரியில்லக்கா" என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடுவாள். வேறு டிரைவர் ஏறிக்கொள்வார்.

ஒரு சாயங்காலம் கணவர் கேட்டார், "சனிக்கிழமை... எங்க போற?"

சொன்னாள். "நானும்... வரேன்" என்றார்.

அவளுக்கு உள்ளே என்னவோ உருகியது. இருந்தும், "உங்களை இன்னொரு நாள் கண்டிப்பா கூட்டிட்டுப் போறேங்க. சனிக்கிழமையை மட்டும் எனக்கு விட்டுடுங்க" என்றாள்.

அவர் முகம் வாடி, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. அவள் எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருடைய இடது கை துழாவி வந்து அவள் கையைப் பிடித்தது.

"போ. வந்து... கதை சொல்லு."

இப்போதெல்லாம் பஸ்ஸில் பார்த்ததை வந்து அவரிடம் சொல்கிறாள். சில நாள் கேட்டுக்கொண்டே அவர் தூங்கிவிடுவார். போர்வையை இழுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். அந்தப் பழைய குரலில் ஒரே ஒரு தடவை தன்னைக் கூப்பிட்டுவிட மாட்டாரா என்றிருக்கும். பிறகு எழுந்து, மகளைச் சாப்பிடக் கூப்பிடுவாள்.