கலப்பை படாத நிலம்

என் நாத்தனாருக்கு ஊர் வைத்த பெயர் சோம்பேறி. அறுவடை முடிந்தால் ஊரே உழும், அவள் உழமாட்டாள். அறுத்த பயிரின் தாளைக் கொளுத்தவும் மாட்டாள். அப்படியே மண்மேல் கிடக்கவிட்டு, இடையில் பயறு தூவி, அடுத்த விதைப்புக்குக் கம்பியால் குழி மட்டும் போடுவாள். செடி காற்றிலிருந்து இழுக்கிற கார்பன் என்கிற கரி வேர்வழியே இறங்கி மண்ணிலேயே தங்க வேண்டும், கிளறினால் மறுபடியும் காற்றோடு போய்விடும் என்பது அவள் கட்சி. கேலி செய்தவர்களிடம், "சோம்பேறிதான். உங்க வேலையப் பாருங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

பிடிக்காதவர் என் வீட்டுக்காரர். ஊர் நிலமெல்லாம் உழுகிற டிராக்டர்காரர். கூடப் பிறந்தவள் நிலம் மட்டும் புதர் மண்டிக் கிடப்பது அவருக்கு மானப் பிரச்சினை. தங்கைமேல் உயிர் வேறு. இந்த இரண்டும் சேர்ந்தால் மனிதனுக்கு மூளை எங்கே வேலை செய்யும்? அவள் பித்தப்பை ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, திரும்பி வருகிறவள் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று கலப்பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் ஓடிப்போய்த் தொண்டை கிழியக் கத்தினேன். காதில் விழாத மாதிரி ஓட்டினார். அவளுக்கு போன் போட்டேன்.

டாக்டர் விடுவதற்கு முன்பே ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு டிராக்டருக்கு முன்னால் போய் நின்றாள். அதற்குள் கால்வாசி நிலம் புரண்டிருந்தது.

"நகரு, தையல் பிரிஞ்சிடப் போகுது."

"பிரியட்டும். கலப்பையத் தூக்கு."

"உனக்காகத்தானே பண்றேன். உடம்பு முடியாதவ..."

"நான் கேட்டேனா? வருஷக்கணக்கா சேத்து வெச்சதுண்ணே. இப்போ காத்துல போயிட்டிருக்கு. உன் கண்ணுக்குத்தான் தெரியல."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எத்தனை தடவ சொன்னேன். நீ சிரிச்ச."

அவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். புரண்ட கட்டி ஒன்றை எடுத்துப் பார்த்தார். கறுத்த மண்ணில் நூல் நூலாக வேர்கள் அறுந்து தொங்கின. அவர் முகம் செத்துப்போனது. எனக்குப் பாவமாகவே இல்லை.

"மன்னிச்சிடும்மா" என்றார்.

"மன்னிப்பு மண்ணுல தங்காதுண்ணே. திறந்து கிடக்குறத மூடணும், வைக்கோல் கொண்டா. வண்டியில இல்ல, தலையில."

ஊர் பார்க்க அவர் சுமந்தார். நான் ஒரு கை கொடுக்கப் போகவில்லை.