பின் இருக்கையில் லட்சுமம்மா

பச்சைமுத்துவின் ஆட்டோவில் ஏறுகிறவர்கள் யாருமே நடுவில் உட்கார மாட்டார்கள். பக்கத்தில் யாருக்கோ இடம் விடுவதுபோல ஓரமாக ஒண்டிக்கொள்வார்கள். ஏனென்று அவர்களுக்கே தெரியாது. அல்சூரில் மூட்டையோடு ஏறிய ஒரு பெரியவர் மட்டும் வாய்விட்டுக் கேட்டார்.

"இந்தம்மா எங்கப்பா இறங்குவாங்க?"

பச்சைமுத்து திரும்பவில்லை. "அவங்க இறங்க மாட்டாங்க சார்."

பெரியவர் அடுத்த சிக்னலிலேயே இறங்கிக்கொண்டார்.

தொண்ணூற்றாறில் அந்த ஆட்டோ ஒக்கலிபுரத்துச் சந்துக்குள் வந்தபோது ஊரே கூடிப் பார்த்தது. அதுவரை பச்சைமுத்து பிரேசர் டவுன் சேஷகிரி காண்டிராக்டரின் கார் டிரைவர். காண்டிராக்டரின் மகன் சுஹாஸ் ஒரு விடியற்காலையில் அந்தக் காரை எடுத்துக்கொண்டு பறந்து, அல்சூர் ஏரிக்கரையில் இட்லிக் கூடையோடு போய்க்கொண்டிருந்த லட்சுமம்மாவைப் பின்னாலிருந்து இடித்துத் தள்ளிவிட்டான். கூடை ஒரு பக்கம், கிழவி ஒரு பக்கம். உயிர் அங்கேயே போய்விட்டது.

"பையன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போறான், முத்து," என்றார் சேஷகிரி. "நான்தான் ஓட்டினேன்னு நீ சொல்லிடு. அபராதத்தோட முடிஞ்சிடும், அதையும் நான் கட்டறேன். நீயும் எத்தனை காலம் அடுத்தவன் வண்டியை ஓட்டுவே?"

பச்சைமுத்து கோர்ட்டில் தலையைக் குனிந்து சொன்னான். அபராதத்தோடு முடிந்தது. ஆட்டோ வந்தது. முதல் சவாரிக்கு ஏரிக்கரையில் திரும்பியபோது, காலி இருக்கையிலிருந்து குரலும் வந்தது.

"ஏன்ப்பா, ஒரு ஹார்ன் அடிச்சிருந்தா நகர்ந்திருப்பேனே. ஏன் அடிக்கல?"

குரலில் கோபமே இல்லை. சட்னியில் உப்புக் குறைந்ததைக் கேட்பது மாதிரி கேட்டாள்.

அவன் என்ன சொல்வான்? கார் இடித்த நேரத்தில் அவன் வீட்டில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தான். "தூங்கிட்டேம்மா" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான். அதை எடுத்துக்கொண்டு போனவள் மறுநாள் திரும்பி வந்தாள். "தூங்கறவன் கியர் மாத்துவானா? எனக்குச் சத்தம் கேட்டுச்சே." பிரேக் பிடிக்கவில்லை என்றான். "ஹௌதா, அப்படியா? ஹார்னுமா பிடிக்கல?"

மனைவி பாஞ்சாலி எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்கினாள். மறுநாள் அந்தப் பழம் நசுங்காமல் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தது. பூசணிக்காய் உடைத்தாள். "இதைப் போய் வீணாக்கறாளே, சாம்பாருக்கு ஆகும்ல," என்றது குரல். ஹார்ன் சத்தம் எங்கே கேட்டாலும் பச்சைமுத்து பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தான்.

ஒருநாள் மமதா என்கிற வக்கீலம்மா கோர்ட்டுக்குப் போக ஏறினாள். அவளும் ஓரமாகத்தான் உட்கார்ந்தாள். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன்" என்று ஆரம்பித்துப் பச்சைமுத்து எல்லாவற்றையும் சொன்னான்.

"குற்றம் பண்ணவனைத் தண்டனையிலேர்ந்து மறைக்கறதுக்கு எதை வாங்கினாலும் குற்றம்தான்," என்றாள் அவள். "அதுக்குன்னே ஒரு செக்ஷன் இருக்கு. கொடுத்தவனுக்கு அதுக்கடுத்த செக்ஷன்."

"லஞ்சம்னா கவர்மென்ட் ஆளுங்களுக்குத்தானே மேடம்? காக்கிச் சட்டைக்காரங்களுக்கு."

"இதுக்கு யாரா இருந்தாலும் ஒண்ணுதான். காக்கிதான் கணக்குன்னா, நீங்க போட்டிருக்கறது என்ன கலராம்?"

அவன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

"உங்க ஃபிரெண்டு தானாப் போய்ச் சொன்னா ஜெயில் கொஞ்சம் குறையலாம். வண்டி நிச்சயமாப் போயிடும்." காசைக் கொடுத்தவள், போகிற போக்கில், "அந்தப் பாட்டியையும் பத்திரமா இறக்கி விடுங்க," என்றாள்.

அவன் நேராக ஏரிக்கரைக்குப் போய் வண்டியை நிறுத்தினான். வண்டி போனால் பிழைப்புப் போச்சு, ஜெயிலுக்குப் போனால் மானம் போச்சு. இவளிடம் மட்டும் சொல்லிவிட்டால் போதாதா?

"நான் ஓட்டலம்மா. நான் அங்க இல்லவே இல்ல. இந்த வண்டிக்காகச் சொன்னேன்."



"நீ கோர்ட்டுல சொன்னதைக் கடைசி பெஞ்சுல உக்காந்து கேட்டேனேப்பா," என்றாள் லட்சுமம்மா. "என் கேஸுக்கு என்னைத் தவிர யாரு வந்தா? உன்னைப் பார்த்தா பொய் சொல்ற மூஞ்சியாத் தெரியல. நம்பிட்டேன்."

"இப்பத் தெரிஞ்சிடுச்சில்ல. போயிடுங்கம்மா."

"எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? நீதான் ஓட்டினேன்னு எழுதி வச்சிருக்கிற ஜட்ஜுக்கு யாரு சொல்றது? அங்க விடு வண்டியை."

பச்சைமுத்து மீட்டர் கொடியைச் சாய்த்தான். கோர்ட் வாசலில் வண்டியை விட்டு, உள்ளே போய் நடந்ததையெல்லாம் சொன்னான்.

அவனுக்குச் சில மாதங்கள் சிறை. ஆட்டோ போலீஸ் ஸ்டேஷன் முற்றத்தில் துருப்பிடித்தது. சேஷகிரி மேல் வழக்கு, சுஹாஸ் மேல் வழக்கு. வெளிநாட்டுப் பயணம் நின்றது.

பார்க்க வந்த பாஞ்சாலி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "அந்தக் காண்டிராக்டர் பையன் காம்பவுண்டுக்குள்ளயே ஹார்ன் அடிச்சிக்கினு வர்றானாம். ஆளே இல்லாத ரோட்டுலகூட கைய எடுக்கறதில்லையாம்."

"பின்சீட்ல யாரு?"

"யாருமில்ல. ஆனா ஏர்றவங்க எல்லாம் ஓரமாத்தான் குந்தறாங்களாம்."

பச்சைமுத்து பெருமூச்சு விட்டான். அப்பாடா, ஆளை மாற்றிக்கொண்டாள்.

பாஞ்சாலி போன பிறகுதான் கவனித்தான். சிறையில் அவன் உட்கார்ந்திருந்த நீளமான பெஞ்சில் அவனைத் தவிர ஒருவரும் இல்லை. அவன் ஓரமாக உட்கார்ந்திருந்தான்.